புதுத் தொழிலுக்குத் திட்ட அறிக்கை எழுதுவது எப்படி? ஒரு மரச்செக்கை வைத்துக் கேள்வி பதில்

திண்டிவனம் பக்கம் சின்னதாக ஒரு மரச்செக்கு வைத்திருக்கிறேன். தொழில் தொடங்க நினைக்கும் அக்கம்பக்கத்து ஆட்கள் "திட்ட அறிக்கை எழுதணும், கொஞ்சம் கூட உட்காருங்க" என்று வருவார்கள். தையல் கடை, மாவு மில், பேக்கரி என்று தொழில் மாறினாலும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் நிலக்கடலை எண்ணெய்ச் செக்கையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். எனக்குக் கை பழகிய கணக்கு அதுதான். விலைகள் கணக்கு புரிவதற்காகப் போட்டவை. அந்த இடங்களில் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

திட்ட அறிக்கை என்றால் என்ன? கடன் வாங்கப் போவதில்லை என்றாலும் அது வேண்டுமா?

என்ன செய்யப் போகிறீர்கள், யாருக்கு விற்கப் போகிறீர்கள், எவ்வளவு பணம் போட வேண்டும், அந்தப் பணம் எப்போது எந்த வழியில் திரும்பி வரும் என்பதை எண்களோடு எழுதி வைப்பதுதான் திட்ட அறிக்கை. ஊரில் எல்லோரும் 'புராஜெக்ட் ரிப்போர்ட்' என்பார்கள்.

கடன் வாங்காதவருக்கு அது இன்னும் அதிகமாக வேண்டும். கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளராவது நான்கு கேள்வி கேட்பார். நகையை விற்றோ சேமிப்பை எடுத்தோ தொடங்குபவரை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளை நம்மையே கேட்க வைப்பது இந்த அறிக்கைதான்.

கம்ப்யூட்டர் சென்டரில் மாதிரி அறிக்கை ரெடியாக விற்கிறார்களே, அதை வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுத்தால் என்ன?

நான் அதைத்தான் செய்தேன். செக்கு போட முடிவு செய்தபோது, ஒரு கடையில் பணம் கொடுத்து முப்பது பக்க அறிக்கை வாங்கினேன். அழகாக அச்சடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தார்கள். வங்கிக்குப் போனேன். மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நூறு கிலோ பருப்பு ஆட்டினால் எத்தனை லிட்டர் எண்ணெய் வரும்?" எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய கணக்கு, லிட்டருக்கு இரண்டரை கிலோ. "நாற்பது லிட்டர் சார்" என்றேன். அவர் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். அதில் 52 லிட்டர் என்று இருந்தது. எந்த ஆலைக்கோ போட்ட கணக்கை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

அந்த 12 லிட்டர் வித்தியாசம்தான் அறிக்கையில் காட்டியிருந்த லாபம் முழுவதும். அதை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கையால் எழுத ஆரம்பித்தேன்.

ஆடிட்டரிடம் போகக் கூடாது என்று சொல்லவில்லை. தேய்மானம், வரி, ஐந்தாண்டுக் கணக்குப் பட்டியல் இவற்றை அவர் ஒழுங்காகப் போட்டுத் தருவார். ஆனால் எவ்வளவு ஆட்ட முடியும், யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு, எத்தனை நாள் கடனுக்கு என்ற அடிப்படை எண்களை நீங்கள்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் அவர் வேறு யாருடைய கணக்கிலிருந்தாவது எடுத்துத்தான் நிரப்புவார்.

எங்கிருந்து தொடங்குவது?

பேப்பரை எடுக்கும் முன் பதினைந்து நாள் அலையுங்கள்.

செக்கு என்றால் ஒரு மூட்டைப் பருப்பு வாங்குங்கள். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் 80 கிலோ மூட்டைக்கு விலை சொல்வார்கள். அதைப் பொறுக்கி, காயவைத்து, ஏற்கெனவே செக்கு வைத்திருக்கும் ஒருவரிடம் கூலி கொடுத்து ஆட்டுங்கள். பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் எடை போடுங்கள். நான் செய்தபோது சொத்தை, கல், மண் போக 77 கிலோதான் செக்குக்குப் போனது. எண்ணெயைத் தெளிய வைத்து, அடிக்கசடு நீக்கிய பிறகு 32 லிட்டர். புண்ணாக்கு தனி. இந்த ஒரு நாள் வேலை முப்பது பக்க அறிக்கையைவிட எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

பேக்கரி தொடங்குபவர் ஒரு வாரம் வீட்டு அடுப்பில் செய்து பத்து வீட்டுக்கு விற்றுப் பார்க்கட்டும். தையல் யூனிட் என்றால் ஒரு நைட்டிக்கு எத்தனை மீட்டர் துணி, எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தை வைத்து எழுதட்டும். உங்கள் கையால் அளந்த ஓர் எண்ணாவது அறிக்கையில் இருக்க வேண்டும்.

சந்தை வாய்ப்பு என்ற தலைப்பில் என்ன எழுதுவது? 'நல்ல தேவை உள்ளது' என்று போட்டால் போதுமா?

போதாது. மேலாளருக்கும் அதனால் பயனில்லை, உங்களுக்கும் பயனில்லை. ஆட்களை எண்ணுங்கள்.

மாதம் 500 லிட்டர் விற்கப் போகிறேன் என்று எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் மாதம் 2 லிட்டர் செக்கு எண்ணெய் வாங்கினால் 250 குடும்பம் வேண்டும். அந்த 250 பேர் எந்தெந்தத் தெருவில் இருக்கிறார்கள்? பாதியை நேரடியாக விற்று, மீதி 250 லிட்டரைக் கடைகளுக்குப் போடுகிறேன் என்றால், ஒரு கடை 25 லிட்டர் எடுத்தால்கூடப் பத்துக் கடை வேண்டும். பத்துக் கடைக்காரரையும் நேரில் பார்த்தீர்களா? என்ன விலைக்கு எடுப்பார்கள், எத்தனை நாளில் பணம் தருவார்கள் என்று கேட்டீர்களா? அவர்கள் சொன்னதைத் தேதியோடு எழுதி வையுங்கள். சிலர் "கொண்டு வாங்க, வச்சுப் பார்க்கலாம்" என்பார்கள். அதை விற்பனையாக எண்ணாதீர்கள்.

போட்டியைப் பற்றியும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். நம் மாநிலத்தில் ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பாக்கெட் சூரியகாந்தி எண்ணெய் செக்கு எண்ணெயைவிட மிகவும் மலிவு. பல வீடுகளில் பொரிப்பதற்கு ஒரு எண்ணெய், தாளிக்கவும் இட்லிப் பொடிக்கும் ஒரு எண்ணெய் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீடு நம்மிடம் 2 லிட்டர்தான் வாங்கும், 5 லிட்டர் வாங்காது. இதைத் தெரிந்து எழுதினால் விற்பனைக் கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

லாபக் கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு லிட்டரில் ஆரம்பியுங்கள். மாதம், வருஷம் எல்லாம் பிறகு.

பருப்பு கிலோ 110 ரூபாய் என்று வைப்போம். லிட்டருக்கு இரண்டரை கிலோ, 275 ரூபாய். அதிலிருந்து கிடைக்கும் புண்ணாக்கு சுமார் 1.4 கிலோ, கிலோ 40 ரூபாய்க்கு மாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள், 56 ரூபாய் திரும்பி வரும். ஆக மூலப்பொருள் 219 ரூபாய். பாட்டில், மூடி, லேபிள் 12 ரூபாய். 5 எச்.பி. மோட்டாருக்கு ஒரு லிட்டருக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஓடும். மின்சாரம் 5 ரூபாய். மொத்தம் 236 ரூபாய்.

விற்பனை: கடைக்கு 290, நேரடியாக 320. இரண்டும் பாதிப் பாதி என்றால் சராசரி 305. ஒரு லிட்டரில் கையில் நிற்பது 69 ரூபாய். புண்ணாக்கை மறந்துவிட்டுக் கணக்குப் போடுபவருக்கு இந்தத் தொழிலில் லிட்டருக்கு 13 ரூபாய்தான் மிச்சம். அதனால்தான் செக்குக்காரர்கள் எண்ணெய் விலையோடு புண்ணாக்கு விலையையும் தினம் விசாரிக்கிறார்கள்.

இப்போது மாதச் செலவு. வாடகை 8,000. ஓர் ஆள் சம்பளம் 14,000. உங்கள் சம்பளம் 15,000. பெட்ரோல், போன், ரிப்பேர் 6,000. இயந்திரத்துக்கு 5 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 10,871. மொத்தம் 53,871. இதை 69-ஆல் வகுத்தால் 781 லிட்டர். மாதம் 781 லிட்டர் விற்றால் நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. வங்கி மொழியில் இதற்கு 'பிரேக் ஈவன்' என்று பெயர்.

முதல் வருஷம் 500 லிட்டர்தான் போகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 500 லிட்டரில் கிடைப்பது 34,500. மாதம் 19,371 ரூபாய் பள்ளம். இந்த இடத்தில் பலர் பேனாவை எடுத்து 500-ஐ 900 ஆக்கிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் பள்ளம் காகிதத்தில் தெரிவதுதான் இந்த வேலையின் முழுப் பயன்.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். என் செக்கு ஒரு நாளைக்கு 100 கிலோ ஆட்டும். 500 லிட்டருக்கு நாளைக்கு 50 கிலோ போதும். மீதி நேரம் சும்மா நிற்கும். எங்கள் ஊரில் சொந்த நிலத்துக் கடலையை ஆட்டிக்கொள்ள ஆள் உண்டு. கிலோவுக்கு 15 ரூபாய் கூலி வாங்கி, நாளைக்கு 50 கிலோ, மாதம் 25 நாள் ஆட்டினால் 18,750. மின்சாரம் போக 16,250 ரூபாய் நிற்கும். பள்ளம் 3,121 ஆகக் குறைந்துவிட்டது. அதை என் சம்பளத்தில் குறைத்துக்கொண்டேன். கூலிக்கு ஆட்டித் தரலாம் என்ற யோசனை எனக்கு அந்த 19,371-ஐ முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தது.

என் சம்பளத்தை ஏன் செலவில் போட வேண்டும்? கடை என்னுடையதுதானே?

கடை உங்களுடையதுதான், வீட்டு அரிசியும் நீங்கள்தான் வாங்க வேண்டும். சம்பளம் போடாவிட்டால் மாதா மாதம் கல்லாவிலிருந்து கணக்கில்லாமல் எடுப்பீர்கள், முதல் கரையும். மனைவியோ அம்மாவோ பொறுக்கிப் புடைத்துத் தருவதாக இருந்தால் அதற்கும் ஒரு தொகை எழுதுங்கள். அவர்களுக்கு உடம்பு முடியாத நாளில் கூலி ஆள்தானே வைக்க வேண்டும்! அந்த உழைப்புக்கு விலை போடாமல் லாபம் என்று காட்டுவது அவர்களுக்குச் செய்யும் நியாயமும் இல்லை.

முதலீட்டுக் கணக்கில் எதெல்லாம் வரும்?

இயந்திரம், அதைப் பொருத்தும் செலவு, எண்ணெய் தெளிய வைக்கும் பாத்திரங்கள், வடிகட்டி, தராசு, பாட்டில் மூடும் கருவி, கட்டடத்தில் செய்யும் மாற்றம், மும்முனை மின் இணைப்புக்கான டெபாசிட், வாடகை முன்பணம். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது, அதனால் இணைப்புச் செலவை விடாதீர்கள். இயந்திரத்துக்குக் குறைந்தது மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். கோவைப் பக்கம் செக்கு செய்து தரும் பட்டறைகள் நிறைய உண்டு. ஜிஎஸ்டி சேர்த்த விலையா, லாரி வாடகை யார் தலையில், உலக்கை தேய்ந்தால் மாற்று எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதுங்கள். மரம் தேயத்தான் செய்யும்.

இன்னொன்று: கடன் அனுமதி கைக்கு வரும் முன் ஆர்வத்தில் இயந்திரத்துக்கு முழுப் பணமும் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே தொடங்கிய தொழிலுக்குச் சில திட்டங்களில் மானியம் கிடையாது.

நடைமுறை மூலதனம் என்று கேட்கிறார்கள். அது என்ன, எவ்வளவு எழுதுவது?

இயந்திரம் வாங்கியாயிற்று. பருப்பு வாங்கக் காசு? கடைக்காரர் பணம் தரும் வரை ஆள் சம்பளத்துக்குக் காசு? அந்தச் சுழற்சிப் பணம்தான் நடைமுறை மூலதனம். நான் பார்த்த வரையில் சிறு தொழில்கள் படுத்துக்கொள்வது இங்கேதான். செக்கு புதிதாக இருக்கும், ஆட்டப் பருப்பு இருக்காது.

கடலையில் இது இன்னும் கூர்மை. எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் அறுவடை வரும்போது பருப்பு விலை இறங்கும். பிறகு மெல்ல ஏறும். அந்தச் சமயத்தில் மூன்று மாதத்துக்கு வாங்கிப் போட வேண்டும் என்றால், மாதம் 1,250 கிலோ வீதம் 3,750 கிலோ. கிலோ 110 என்றால் 4,12,500 ரூபாய். கடைகளுக்கு ஒரு மாதக் கடனுக்குப் போடும் 250 லிட்டரில் 72,500 ரூபாய் நிற்கும். இரண்டும் சேர்ந்தால் 4,85,000.

வங்கி இதை எப்படிப் பார்க்கும் தெரியுமா? சிறு தொழில்களுக்கு ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு பரிந்துரைத்த ஒரு முறை இருக்கிறது. வருஷ விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை என்று எடுத்து, அதில் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். நம் எண்ணெய் விற்பனை வருஷத்துக்கு 18,30,000. வங்கி 3,66,000, நீங்கள் 91,500, ஆக 4,57,500. நம் உண்மையான தேவை அதைவிட 27,500 அதிகம். அதைச் சொந்தக் கையிலிருந்து போட வேண்டும், அல்லது இரண்டரை மாதத்துக்கு மட்டும் வாங்க வேண்டும். இப்படி இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் மேலாளர் உங்களோடு உட்கார்ந்து பேசுவார்.

இந்தக் கடனுக்கும் வட்டி உண்டு என்பதை மறக்க வேண்டாம். 3,66,000-க்கு 11 சதவீதம் என்றால் மாதம் 3,355 ரூபாய். இதை மாதச் செலவில் சேர்த்தால் முன்பு சொன்ன 781 லிட்டர் 830 ஆகிவிடும்.

வாங்கிப் போட்ட பருப்பைக் காப்பதும் செலவுதான். உடைத்த பருப்பில் வண்டு விழும், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், எண்ணெயில் காறல் வரும். தோலோடு வைத்தால் நாள் தாங்கும், ஆனால் இடம் அதிகம் வேண்டும். உடைப்புக் கூலியையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஐந்து வருஷத்துக்குக் கணக்கு கேட்கிறார்களே, அடுத்த மாதமே தெரியாதபோது எப்படி எழுதுவது?

ஐந்து வருஷம் வங்கிக்காக எழுதுங்கள். முதல் வருஷத்தைப் பன்னிரண்டு மாதமாகப் பிரித்து உங்களுக்காக எழுதுங்கள். எந்த மாதம் எவ்வளவு பணம் உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்று மட்டும் போதும். தீபாவளிக்கு முந்தைய மாதம் எண்ணெய் நன்றாகப் போகும். பருப்பு வாங்கும் சித்திரையில் கல்லா காலியாகும். வருஷக் கணக்கில் லாபம் தெரிந்தும் சித்திரை மாதத் தவணைக்குக் காசு இல்லாமல் தவிக்கலாம். அந்த மாதத்தைச் சிவப்பு மையில் எழுதி, என்ன செய்வேன் என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

அப்புறம், விலை மாறினால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு வரி. பருப்பு 110-லிருந்து 125 ஆனால் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு செலவு கூடும். 69-ல் மிஞ்சுவது 31 ரூபாய் 50 காசு. விற்கும் விலையை ஏற்ற முடியுமா, எவ்வளவு ஏற்றலாம் என்று கடைக்காரரிடம் முன்பே பேசியிருந்தால் பதில் எழுதலாம்.

வங்கி மேலாளர் முதலில் எதைப் பார்ப்பார்?

உங்கள் சிபில் ஸ்கோரை, அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கான மதிப்பெண்ணைப் பார்ப்பார், பழைய தவணை ஏதாவது நிலுவையா என்று பார்ப்பார். அறிக்கையில் பெரும்பாலும் தவணை கட்டும் திறனைத் தேடுவார்: தொழிலிலிருந்து வருஷத்துக்குக் கிடைக்கும் பணம், வருஷத் தவணையைப் போல் எத்தனை மடங்கு என்ற விகிதம். நம் தவணை வருஷத்துக்கு 1,30,452. இரண்டு லட்சம் கையில் நின்றால் ஒன்றரை மடங்கு. பொதுவாக அந்த அளவை எதிர்பார்ப்பார்கள். மூன்று, நான்கு மடங்கு என்று காட்டினால் நம்ப மாட்டார்கள்.

பிறகு உங்களைப் பார்ப்பார். அறிக்கையை மூடி வைத்துவிட்டுக் கேட்டால் உங்கள் வாயால் சொல்ல வர வேண்டும்.

எந்த அரசுத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம்?

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி., 2008 முதல் நடக்கிறது. புதிய தொழிலுக்கு மட்டும். உற்பத்திக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு காட்டலாம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம், சொந்தப் பங்கு 10 சதவீதம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகளுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். உற்பத்தியில் 10 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது.

உணவுத் தொழில் என்றால், சிறு உணவுத் தொழில்களுக்காக 2020-இல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தையும் பாருங்கள். மானியம் 35 சதவீதம், உச்சம் 10 லட்சம். ஏற்கெனவே நடத்துபவர்களும் கேட்கலாம். மாநில அரசில் படித்து வேலையில்லாத இளைஞர்களுக்கான யு.ஒய்.இ.ஜி.பி., 10 லட்சத்துக்கு மேற்பட்ட பெரிய திட்டங்களுக்கு நீட்ஸ், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆகியவை உண்டு. வரம்புகளும் கடைசித் தேதிகளும் அவ்வப்போது மாறும். அதனால் எழுதத் தொடங்கும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய், இப்போது எது நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு மானியம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். விண்ணப்பத்தை நாமே இணையத்தில் போடலாம்.

மானியம் ஏதும் வேண்டாம், சின்னத் தொகை போதும் என்பவருக்கு 2015-இல் தொடங்கிய முத்ரா கடன் இருக்கிறது: 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண்.

மானியம் கையில் பணமாகக் கிடைக்குமா?

கிடைக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் கணக்குப் போட்டுச் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிராமத்தில் ஒரு பெண் 10 லட்சத்துக்குச் செக்கு போடுகிறார் என்றால், பி.எம்.இ.ஜி.பி.யில் அவர் 50,000 போடுவார், வங்கி 9,50,000 கொடுக்கும். மானியம் 3,50,000 வங்கிக்கு வந்து, அவர் பெயரில் மூன்று வருஷத்துக்கு டெபாசிட்டாக நிற்கும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது. கடனில் அந்த அளவு தொகைக்கும் வட்டி போட மாட்டார்கள். மூன்று வருஷம் தொழில் நடந்து, ஆய்வு முடிந்தபின் கடனில் கழித்துக்கொள்வார்கள். நடுவில் கடையை மூடினால் மானியம் போய்விடும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. நடைமுறை மூலதனக் கடனை அந்த மூன்று வருஷத்துக்குள் ஒரு முறையாவது முழு வரம்புவரை எடுத்திருக்க வேண்டும், பயன்பாடு முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. மானியத்துக்காக அந்தத் தொகையை ஊதிக் காட்டினால் பிறகு சங்கடம்.

அடமானம் கேட்பார்களா?

குறு, சிறு தொழில் கடனுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் போனாலும் 2000-இல் மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து அமைத்த கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் கட்டி அதன் கீழ் கடன் தரச் சொல்லிக் கேட்கலாம். அந்தக் கட்டணத்தையும் செலவில் எழுதுங்கள்.

எந்தெந்தப் பதிவுகளை அறிக்கையில் காட்ட வேண்டும்?

சிறு தொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவு இலவசம், ஆதார் வைத்து இணையத்தில் நீங்களே செய்யலாம். எண்ணெய் உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும்; அந்த 14 இலக்க எண் லேபிளில் வர வேண்டும். அடைத்து விற்பதால் எடையளவுச் சட்டப்படி பதிவு. நம் மாநிலத்தில் அதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. சமையல் எண்ணெயை உதிரியாக அளந்து ஊற்றி விற்பதை 2011-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடுக்கின்றன. 'பாத்திரம் கொண்டு வாங்க, ஊத்தித் தரேன்' என்ற முறையில் பாட்டில் செலவு மிச்சம் என்று எழுதிவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி பதிவு, பொருள் விற்பவருக்கு வருஷம் 40 லட்சத்துக்கு மேல் போனால். நம் செக்கு மாதம் 1,000 லிட்டர் விற்றால் எண்ணெய் 36,60,000, புண்ணாக்கு 6,72,000, சேர்ந்து 43 லட்சம் தாண்டும். எண்ணெயை மட்டும் பார்த்து வரம்புக்குள் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம்.

தமிழில் எழுதலாமா? எத்தனை பக்கம்?

முதலில் தமிழில், நோட்டில், கையால். யோசனை ஓடுவது அந்த மொழியில்தான். வங்கிக்கு ஆங்கிலத்தில் கேட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பத்து, பன்னிரண்டு பக்கம் போதும். கொட்டேஷன்களைப் பின்னால் இணையுங்கள்.

வங்கி மறுத்துவிட்டால்?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தொகை அதிகம் என்றால் சிறியதாகத் தொடங்க முடியுமா என்று கணக்கை மறுபடி போடுங்கள். எனக்கு முதல் முறை கிடைக்கவில்லை. கையெழுத்து நோட்டோடு இரண்டாம் முறை போனபோது, கேட்டதைவிடக் குறைத்துக் கொடுத்தார்கள். வடிகட்டியும் பாட்டில் மூடும் கருவியும் ஒரு வருஷம் கழித்து வாங்கினேன்.

தொழில் தொடங்கியபின் அந்த அறிக்கையை என்ன செய்வது?

கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மாதக் கடைசியில், எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் நடந்த எண்ணை எழுதுங்கள். ஒரு சித்திரையில் என் மூட்டைக்கு 32 லிட்டர் வர வேண்டிய இடத்தில் 29 வந்தது. நோட்டில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் கண்ணில் பட்டது. புதுப் பருப்பு, ஈரம் முழுக்கப் போகவில்லை. எடை போட்டு வாங்கியதில் தண்ணீரும் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து பருப்பைக் கடித்துப் பார்த்து, இரண்டு நாள் வெயிலில் போட்டு, மறுபடி எடை போட்ட பிறகுதான் ஆட்டுகிறேன். அந்த எடைக் குறைவை இப்போது வாங்கும் விலையிலேயே பேசிக் கழித்துவிடுகிறேன்.